குட்டிப் பாம்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் முறுக்கு என்று ஒரு கார்ன் பாம்பு (corn snake, வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு இனம்) இருக்கிறது. சுருண்டு படுத்திருந்த அழகைப் பார்த்து மகள் வைத்த பெயர். வாங்கியபோது பென்சில் தடிமன்தான், நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. நாங்கள் இருப்பது லண்டனில், சொந்தபந்தம் எல்லாம் மதுரைப் பக்கம். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போவது வழக்கம். மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் சரி என்கிறவர்கள், பாம்பு என்றதும் போனையே எடுப்பதில்லை. இரண்டு முறை போய்வந்ததில் கற்றுக்கொண்டவை இவை. பாம்பு வளர்க்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும் இவற்றைத்தான்.

ஒரு வயதுக்குள் இருக்கும் கார்ன் பாம்புக்குட்டியை வைத்துத்தான் சொல்கிறேன். வேறு இனம் என்றால் வெப்பமும் ஈரப்பதமும் மாறும்.

எத்தனை நாள் தனியாக விடலாம்?

வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிறீர்கள் என்றால் யாரும் வரவேண்டியதில்லை. சூடு ஒழுங்காக இருக்கிறதா, கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கிறதா, மூடி பூட்டியிருக்கிறதா, அவ்வளவுதான். நாலு நாளைத் தாண்டினால் நடுவில் ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆள் வரவேண்டும், இல்லையென்றால் பாம்பை வேறு வீட்டில் விட வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. முட்டையிலிருந்து வந்து சில வாரங்களே ஆன குட்டி, இன்னும் ஐந்தாறு தடவைகூடச் சாப்பிட்டிராத குட்டி என்றால் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாப்பிடப் பழகாத குட்டிக்கு உடம்பில் சேமிப்பு கிடையாது. பயணம் முடிகிறவரை விற்றவரிடமே இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டுப் போகலாமா?

நம் ஊர் மனசு இது. பயணம் என்றால் கட்டுச்சோறு கட்ட வேண்டும், வீட்டில் விட்டுப்போகிற உயிருக்கு இரண்டு மடங்கு வைக்க வேண்டும். பாம்பிடம் இது எடுபடாது. வழக்கமான ஒரு எலிக்குஞ்சு, அதன் உடம்பின் மிகத் தடித்த இடத்தின் அளவோ அதைவிடச் சற்றே பெரிதோ, போதும். பெரிதாகக் கொடுத்தால் கக்கிவிடும். கக்குவது என்பது நாய் வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டுகிற மாதிரி சின்ன விஷயம் இல்லை. குட்டிப் பாம்பு அதில் நீரையும் வயிற்று அமிலத்தையும் இழந்து துவண்டுவிடும். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, சின்னக் குஞ்சிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் நாள் கணக்கு முக்கியம். சனிக்கிழமை விமானம் என்றால் செவ்வாய் இரவு அல்லது புதன் இரவு சாப்பாடு. சாப்பிட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் தொடாமல் விட வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளும் நீங்களே வீட்டில் இருந்து, கக்கவில்லை, வயிற்று மேடு இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கிளம்புகிற அன்று காலை கொடுத்துவிட்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம்.

நாங்கள் இல்லாதபோது சாப்பாடு யார் கொடுப்பது?

குட்டிகள் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை சாப்பிடும். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துவரும் குட்டி ஒரு வேளையைத் தவறவிட்டால் ஒன்றும் ஆகாது, இரண்டு வேளை என்றாலும் தாங்கும். பத்து நாள் பயணத்துக்குச் சாப்பாட்டுப் பேச்சையே எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கை நடுங்குகிற ஒருவர் அரைகுறையாகக் கொடுத்து, பாம்பு பயந்து விட்டுவிட, அந்தக் குஞ்சு தொட்டிக்குள்ளேயே அழுகுவதைவிட ஒரு வேளை பட்டினி எவ்வளவோ மேல்.

மூன்று வாரம் என்றால் நடுவில் ஒருமுறையாவது கொடுக்க வேண்டும், இரண்டு முறை கொடுத்தால் நல்லது. அதற்கு ஆள் தயார் செய்யுங்கள். வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது. போவதற்கு முன் இரண்டு தடவை உங்கள் எதிரிலேயே அவர் கையால் கொடுக்க வையுங்கள். எங்களுக்கு உதவிய பக்கத்து வீட்டுப் பையன் முதல் முறை இடுக்கியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது முறை முறுக்கு பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டதை வீடியோ எடுத்துப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தான்.

உறைந்த எலிக்குஞ்சை எப்படித் தயார் செய்வது? எழுதி வைத்துவிட்டுப் போகிற மாதிரி சொல்லுங்கள்.

இங்கே கடையில் கிடைப்பது உறைய வைத்த குஞ்சுகள்தான். ரோமம் முளைக்காத பிங்கிதான் குட்டிப் பாம்புக்கு ஏற்றது. உயிரோடு இருக்கும் எலியைத் தொட்டிக்குள் போடுகிற பேச்சே வேண்டாம். கொஞ்சம் வளர்ந்த எலி கடித்தால் பாம்புக்குத்தான் காயம்.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது இது: ஒன்றை மட்டும் எடு. ஜிப் பையில் போட்டு மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பழைய டம்ளரில் முக்கு. மைக்ரோவேவ் கூடாது, கொதிநீர் கூடாது. இருபது நிமிடம் கழித்துப் பையோடு சேர்த்து அழுத்திப் பார், நடுவில் ஐஸ் கட்டி தட்டுப்படக் கூடாது. டிஷ்யூவில் ஈரத்தை ஒற்றி எடு. இடுக்கியில் பிடித்து முகத்துக்கு எதிரே மெல்ல ஆட்டு. பிடித்ததும் கையை எடு, மூடியைப் பூட்டு, போய்விடு. நின்று வேடிக்கை பார்க்காதே. பிடிக்கவில்லை என்றால் ஒரு சின்ன மூடியில் வைத்துவிட்டுப் போ. மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் குப்பையில் போடு. மறுபடி உறைய வைக்காதே.

அந்த டம்ளரைச் சமையல் பாத்திரத்தோடு சேர்க்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள வீட்டாரையோ, கர்ப்பமாக இருப்பவரையோ இந்த வேலைக்குக் கேட்காதீர்கள். அவர்களே முன்வந்தாலும் வேண்டாம்.

சூடு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லாவற்றையும்விட இதைத்தான். பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வயிற்றில் இருக்கும் சாப்பாடு செரிக்க வெளிச்சூடு வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 24. எது வேண்டுமோ அந்தப் பக்கம் அது போய்க்கொள்ளும்.

ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) வைத்திருந்தால், சூடு அளவைத் தாண்டாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாத மேட் 40 டிகிரியையும் தாண்டிப் போகும். சூட்டை உணர்ந்து பாம்பு விலகிவிடும் என்று நினைக்காதீர்கள். அடிவயிறு வெந்துபோகிறவரை அங்கேயே படுத்திருக்கும் பாம்புகள் உண்டு. தெர்மோஸ்டாட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் சென்சார் முனை மேட்டைவிட்டு நகர்ந்து குளிர்ந்த பக்கம் போய்விட்டால், ‘இன்னும் சூடு ஏறவில்லை’ என்று மேட்டை அணைக்காமலே ஓட்டும். எனவே முனையை அசையாமல் பொருத்த வேண்டும். தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் என்றால் டேப் போடலாம். உள்ளே ஒருபோதும் டேப் வேண்டாம். டேப்பின் ஓரம் கொஞ்சம் உரிந்தாலும் குட்டி அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவித் தடவிப் பிரித்தெடுக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அப்படியும் இரண்டு மூன்று செதில் டேப்போடு வந்துவிட்டது.

அடுத்தது வீட்டுச் சூடு. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் போவோம், அல்லது குழாய் உறையாத அளவுக்கு மட்டும் வைப்போம். பாம்பு இருக்கிற வீட்டில் அது முடியாது. ஹீட் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அவ்வளவாக ஆக்காது. அறை 10 டிகிரிக்கு இறங்கினால் மேட் முழு மூச்சாக ஓடியும் தொட்டிக்குள் குளிர்தான். அந்த ஓர் அறையின் ரேடியேட்டரை மட்டும் திறந்துவைத்து, அறை 18 டிகிரிக்குக் கீழே போகாதபடி டைமரை வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர் உள்ளவர்கள் மூன்று வாரத்துக்குப் போதுமான பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீட்டரில் பணம் தீர்ந்து வீடு அணைந்தால் கேட்க அங்கே ஆள் இருக்காது.

குளிர்காலம்தானே, சூட்டை அணைத்துவிட்டுத் தூங்க விட்டால் என்ன?

காட்டில் இந்தப் பாம்புகள் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் என்பது உண்மை. ஆனால் வயிறு காலியான பிறகு, மெல்ல மெல்லக் குளிர்ந்துதான் ஒடுங்கும். சாப்பிட்டிருக்கும் குட்டியை ஒரே நாளில் குளிரில் போட்டால் வயிற்றுக்குள்ளேயே இரை அழுகும். வேண்டாம்.

கரண்ட் போனால்?

சில மணி நேரம் தாங்கும். ஒரு நாள் முழுக்க என்றால், தொட்டியைப் போர்வையால் போர்த்தி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வெளிப்பக்கம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வைக்க வேண்டாம்.

கோடை விடுமுறையில் போனால் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

வேறு பிரச்சினை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது. நம் ஊர்க்காரர்களுக்கு அது சித்திரை வெயில். இங்கத்திய வீடுகள் சூட்டை உள்ளே தேக்கவே கட்டியவை, ஜன்னலைப் பூட்டிவிட்டு நாமும் போய்விட்டால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். வெயில் விழாத, வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்குத் தொட்டியை மாற்றுங்கள். 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். குளிரைவிடச் சூடு சீக்கிரம் கொல்லும்.

யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது?

பாம்புப் பிரியரைத் தேட வேண்டாம். சொன்னதை மட்டும் செய்கிற, கூடுதலாக ஒன்றும் செய்யாத ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து பாம்புகளுக்கு வந்த சங்கடமெல்லாம் பாசத்தால் வந்தவைதான்: தூக்கிக் கொஞ்சியது, கூட ஒரு குஞ்சு கொடுத்தது, ‘பாவம் இருட்டில் இருக்கிறது’ என்று ஒளிந்துகொள்ளும் பெட்டியை வெளியே எடுத்துவைத்தது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து தண்ணீரை மாற்ற வேண்டும், கழிவு கண்ணில் பட்டால் எடுக்க வேண்டும், பூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் தெர்மோமீட்டர் எண், தண்ணீர்க் கிண்ணம், பூட்டிய மூடி மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது போட்டோ இல்லாமல் வந்தால் உடனே கூப்பிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சட்டமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அந்த உயிரின் மீது பொறுப்பு இருக்கிறது. அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் ‘சும்மா பார்த்துக்கொள்’ என்று சாவியைத் திணித்துவிட்டு ஓடுகிற விஷயம் இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா வீட்டில் இருப்பார். பால் வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

வைப்பார். என் மாமியார் வைத்தார், சின்ன வெள்ளிக் கிண்ணத்தில், மஞ்சள் குங்குமத்தோடு. பாம்பு ஊர்வன இனம், பால் அதன் உணவே இல்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன பாம்பு தாகத்துக்குப் பாலைக் குடிக்கலாம், ஆனால் செரிக்காது. வாதம் பண்ணிப் பயன் இல்லை. கிண்ணத்தைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னோம், அவரும் சமாதானமானார். பால் பைதான் (ball python) என்று ஓர் இனம் இருப்பதைமட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் ‘பால்’ ஆங்கிலத்தில் பந்துதான் என்று விளக்குவதற்குள் விடிந்துவிடும்.

பாம்பைக் காணோம் என்று போன் வந்தால்?

முதலில், உண்மையிலேயே காணோமா? குட்டிகள் பகல் முழுக்க மரத்தூளுக்கு அடியில் புதைந்து கிடக்கும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில், ஒளிபெட்டிக்கு அடியில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கும் இல்லை என்றால் ஓடிவிட்டது. தலை நுழைகிற இடுக்கில் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். குட்டிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். எங்களுக்கு நடந்ததும் அதுதான். பார்த்துக்கொள்ள வந்த நண்பர் தண்ணீர் மாற்றிவிட்டு மூடியின் இரண்டு கிளிப்பில் ஒன்றைத்தான் போட்டார். மறுநாள் தொட்டி காலி. நாங்கள் மதுரையில், அங்கே விடிகாலை நாலு மணி.

முதலில் அறைக் கதவைச் சாத்தி அடியில் துண்டைச் செருகச் சொன்னோம், கழிப்பறை மூடியையும் மூடச் சொன்னோம். பாம்பு பெரும்பாலும் அதே அறையில் அல்லது அடுத்த அறையில்தான் இருக்கும், அதுவும் சுவரோரமாகச் சூடான, இறுக்கமான இடத்தில். ஃபிரிட்ஜின் பின்பக்கம், பாய்லர் அலமாரி, புத்தக வரிசைக்குப் பின்னால், ஷூவுக்குள். அன்றிரவு கதவோரத்திலும் சோபா அடியிலும் அரிசிமாவை மெல்லத் தூவி வைக்கச் சொன்னேன். காலையில் மாவில் ஒரு வளைந்த கோடு, யாரோ கோலத்தை ஒரே இழையில் ஆரம்பித்துவிட்டு எழுந்துபோன மாதிரி. அந்தக் கோடு போய் நின்ற இடம் இன்டர்நெட் ரவுட்டர். அதன் பின்னால் வெதுவெதுப்பில் சுருண்டு கிடந்தது முறுக்கு. விளக்கை அணைத்துவிட்டு ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடுவதும் பலன் தரும், இவை இருட்டில் நடமாடும் உயிர்கள்.

இப்போது மூடியில் ஒரு சின்ன நம்பர் பூட்டும் உண்டு.

கண் நீலமாகிவிட்டது, நிறம் மங்கிவிட்டது, சாகப்போகிறதா என்று கேட்கிறார்கள்.

தோல் உரிக்கப்போகிறது. சில நாள் கண் பால்போல மங்கி, பிறகு தெளிந்து, அதற்குப் பிறகு சட்டையை உரிக்கும். அந்த நாட்களில் சாப்பாடு வேண்டாம், தொடவும் வேண்டாம். ஈரப்பாசி போட்ட ஒரு சின்ன டப்பாவைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் போங்கள், உரிப்பதற்கு உதவும். குட்டிகள் அடிக்கடி உரிக்கும் என்பதால் மூன்று வாரத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம். பழைய போட்டோ ஒன்றைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வேறு இடத்தில் விட்டுவிட்டுப் போவது நல்லதா?

வீட்டிலேயே இருப்பதுதான் குட்டிக்கு நல்லது. ஆள் கிடைக்கவில்லை என்றால் ஊர்வனக் கடைகளோ அனுபவமுள்ள வளர்ப்பாளர்களோ தங்க வைப்பார்கள். நாய், பூனை விடுதிக்கு இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி உரிமம் வேண்டும். பாம்பு விடுதி அந்த வரையறையில் வராது. எனவே விசாரிக்க வேண்டியது நாம்தான். அதன் சொந்தத் தொட்டியிலேயே வைப்பீர்களா, மற்ற பாம்புகளைத் தொட்ட கையோடும் இடுக்கியோடும் இங்கே வருவீர்களா என்று கேளுங்கள். அங்கிருக்கும் தண்ணீர்க் கிண்ணங்களை உற்றுப் பாருங்கள். அடியில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கருப்புப் புள்ளிகள் கிடந்தால் அது சிற்றுண்ணி, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கொண்டுபோகும்போது தலையணை உறையில் விட்டு முடிச்சுப் போட்டு, காற்றுத் துளை உள்ள டப்பாவுக்குள் வைத்து, கார் டிக்கியில் இல்லாமல் உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் இரண்டு மூன்று நாளும், போய்ச் சேர்ந்தபின் ஐந்தாறு நாளும் சாப்பாடு கூடாது.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டால், மூக்கோரம் நுரை வந்தால், இரண்டாவது முறை கக்கினால். முதல் இரண்டும் பெரும்பாலும் குளிரால் வரும் நுரையீரல் தொற்று. எல்லா மருத்துவரும் பாம்பைப் பார்ப்பதில்லை, எனவே பார்ப்பவர் யார் என்று முன்னமே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். ‘நான் ஊரில் இல்லை, இவர் கொண்டுவந்தால் பாருங்கள், பணம் நான் கட்டுகிறேன்’ என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கூடவே இந்தியாவுக்குக் கொண்டுபோனால்?

மகளும் கேட்டாள். முடியாது. மூன்று வாரப் பயணத்துக்காக எந்தப் பாம்பையும் நாடு தாண்டி இழுக்க வேண்டாம். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பால் பைதான் போல சைட்டிஸ் (CITES, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றால் 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் சொல்கிறபடி பதிவு செய்திருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் என்ன செய்வது?

பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே போய்த் தூக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். தெர்மோமீட்டரையும் தண்ணீரையும் பாருங்கள், கழிவை எடுங்கள். மறுநாள் சமையல் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை பாருங்கள், போகும்போது குறித்து வைத்த எடையோடு ஒப்பிட. ஓரிரு கிராம் முன்பின் இருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால் அன்றிரவே கொடுக்கலாம். போன முறை மகள் விமானத் தூக்கம் தெளியாமல் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முறுக்கும் முழித்துக்கொண்டுதான் இருந்தது.